கிங்ஸ் பார்க் குவார்ட்டர்ஸ் வீடுகள்: நடக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவின் வடகரையில் நிசக்வாக் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அங்கே நடக்க வரும் தமிழ்க் குடும்பங்களோடு நானும் நடப்பேன். மரங்களுக்கு நடுவே, ஜன்னலில் பலகை அடித்த வீடுகள் கண்ணில் பட்டதும் பேச்சு நின்றுவிடும். பிறகு கேள்விகள் வரும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் ஒன்று கேட்பார்கள், காலேஜ் படிக்கும் பிள்ளைகள் வேறொன்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

நான் வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். இந்த வீடுகள்மேல் எனக்குள்ள ஒட்டுதல் அங்கிருந்து வந்தது.

பார்க் என்று சொல்லிக் கூட்டி வந்தீர்கள். பார்த்தால் ஆளில்லாத ஊர் மாதிரி இருக்கிறதே, இது என்ன இடம்?

இப்போது இது நிசக்வாக் ரிவர் ஸ்டேட் பார்க். மொத்தம் 521 ஏக்கர். 1885 முதல் 1996 வரை இங்கே இருந்தது கிங்ஸ் பார்க் மனநல மருத்துவமனை. அந்தக் காலத்தில் புரூக்ளின் தனி நகரம், நியூயார்க்கோடு சேராதது. அது இருந்த கிங்ஸ் கவுண்டியின் மனநலக் காப்பகம் ஃபிளாட்புஷ் பகுதியில் ஆள் நெருக்கடியில் திணறிக்கொண்டிருந்தது. திறந்த வெளியும் தோட்ட வேலையும் மனதை ஆற்றும் என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். அதனால் இவ்வளவு தூரம் தள்ளி வந்து பண்ணை நிலம் வாங்கினார்கள். 1895-ல் மாநில அரசு எடுத்துக்கொண்டது. ஊரின் பழைய பெயர் செயின்ட் ஜான்லேண்ட். கிங்ஸ் பார்க் என்ற பெயரில் இருக்கும் ‘கிங்ஸ்’, அந்தக் கவுண்டியின் பெயர்தான்.

1954-ல் இங்கே 9,303 நோயாளிகள் இருந்தார்கள். நம் ஊர் பேரூராட்சி ஒன்றின் மக்கள்தொகை அது. சொந்த மின் நிலையம், சலவைக்கூடம், தீயணைப்பு நிலையம், பண்ணை, யார்க் ஹால் என்ற அரங்கம், உள்ளேயே வந்து நிற்கும் ரயில் கிளைப்பாதை என்று எல்லாம் வைத்திருந்தார்கள். ‘ஆளில்லாத ஊர் மாதிரி’ என்று நீங்கள் சொன்னது சரியான சொல். ஊராகவே கட்டியதுதான்.

பெரிய கட்டடங்கள் ஆஸ்பத்திரி, சரி. இந்தச் சின்ன வீடுகள் யாருடையவை?

அங்கே வேலை பார்த்தவர்களுடையவை. சூப்பரின்டென்டென்டுக்கு ஒரு பெரிய வீடு, டாக்டர் குடும்பங்களுக்குத் தனித்தனி வீடுகள், செவிலியர்களுக்கு விடுதி, வார்டு உதவியாளர்களுக்கு வரிசையாகச் சின்ன அறைகள். ஆரம்ப வருடங்களில் உதவியாளர்கள் பலர் வார்டு கட்டடத்திலேயே, நோயாளிகள் படுக்கும் கூடத்துக்குப் பக்கத்து அறையிலோ மேல்மாடியிலோ தூங்கினார்கள். தனி விடுதிகள் பின்னால் வந்தவை.

வெளியில் நின்றே அடையாளம் கண்டுபிடிக்கலாம். வார்டு கட்டடங்களின் ஜன்னல்களில் கம்பியோ கனமான வலையோ இருக்கும். குடியிருப்பு வீடுகளில் இருக்காது. முன்னால் ஒரு திண்ணை, பின்னால் சமையலறைக் கதவு, அதற்கு இரண்டு மூன்று படி. பொன்மலையில் அதிகாரி பங்களாவும் தொழிலாளி வீடும் எப்படி ஒரே செங்கல்லில் கட்டியும் வேறுவேறு உலகமாக இருந்தனவோ, அப்படித்தான் இங்கும். பதவி உயர உயர வீட்டைச் சுற்றியுள்ள புல்வெளி அகலமாகும்.

ஏன் உள்ளேயே வீடு கொடுத்தார்கள்? ஊரில் வாடகைக்கு இருந்திருக்கலாமே?

வாடகைக்கு இருக்க ஊர் வேண்டுமே. மருத்துவமனை வந்தபோது சுற்றிலும் பெரும்பாலும் பண்ணை நிலம்தான். கார் இல்லாத காலம் வேறு. வார்டு உதவியாளர்களுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை, வாரத்தில் ஆறு நாள். அது முடிந்து எங்கே போய் வருவது? இரவில் ஏதாவது நடந்தால் ஓடி வர ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணமும் நிர்வாகத்துக்கு இருந்தது.

சம்பளக் கணக்கும் அதில் கலந்திருந்தது. தங்கும் இடம், மூன்று வேளைச் சாப்பாடு, துணி வெளுப்பது எல்லாம் சம்பளத்தின் ஒரு பகுதியாக எண்ணப்பட்டது. கையில் கிடைத்த பணம் கொஞ்சம். அமெரிக்காவில் புதிதாக வந்து இறங்கிய, உறவினர் யாரும் இல்லாத ஒருவருக்கு அது நல்ல ஏற்பாடு. அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் வேலைக்குச் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கணவன் மனைவி இருவருமே உதவியாளர்களாகச் சேர்வதும் அன்றைய அரசு மருத்துவமனைகளில் சாதாரணமாக நடந்தது.

1930களின் பிற்பகுதியில் நியூயார்க் அரசு மருத்துவமனைகளுக்கு எட்டு மணி நேர வேலை வந்தது. அப்புறம் போருக்குப் பின் எல்லோர் வீட்டிலும் கார் வந்தது. வேலை முடிந்தால் சொந்த வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை அப்போதுதான் உருவாயிற்று. இன்றைய கிங்ஸ் பார்க் ஊரின் பல தெருக்கள் அப்படி வெளியே வந்தவர்கள் குடியேறியவை.

குழந்தைகளும் உள்ளேயே வளர்ந்தார்களா? பயமாக இருந்திருக்காதா?

வளர்ந்தார்கள். டாக்டர்களின் பிள்ளைகள், பொறியாளர்களின் பிள்ளைகள், பண்ணை மேற்பார்வையாளரின் பிள்ளைகள். இந்தப் பாதையில் அவ்வப்போது சந்திக்கும் ஒரு அமெரிக்கப் பாட்டி அப்படி வளர்ந்தவர். குளிர்காலத்தில் மேட்டிலிருந்து சறுக்கி விளையாடியதையும், சாயங்காலம் மின் நிலையத்தின் சங்கு ஊதினால் வீட்டுக்கு ஓடியதையும் சொன்னார். பயம் பற்றிக் கேட்டேன். நோயாளிகளில் சிலரைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரியும் என்றும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தன் முகவரியைக் கேட்டுச் சிரித்ததுதான் வலித்தது என்றும் சொன்னார்.

எனக்கு அது உடனே புரிந்தது. பணிமனைச் சங்குக்கு எங்கள் அம்மாவும் உலை வைப்பார்.

ஆஸ்பத்திரியை ஏன் மூடினார்கள்?

ஒரே காரணம் இல்லை. 1954-ல் குளோர்புரோமசின் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை வருடக்கணக்கில் வார்டிலேயே இருந்தவர்களில் பலர் வீட்டுக்குப் போகும் நிலைக்கு வந்தார்கள். 1963-ல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம், பெரிய மருத்துவமனைகளுக்குப் பதில் ஊருக்கு ஊர் சின்ன மனநல மையங்கள் என்றது. 1965-ல் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு வந்தபோது, பெரிய மனநல மருத்துவமனைகளில் இருக்கும் நடுத்தர வயதினருக்கு மத்திய அரசு பணம் தராது என்று வைத்தார்கள். செலவு முழுக்க மாநிலத்தின் தலையில் விழுந்தது. மாநிலங்களும் ஆட்களை வெளியே அனுப்புவதில் வேகம் காட்டின. இதோடு, மருத்துவமனைகளுக்குள் நெருக்கடியும் கொடுமைகளும் நடந்த செய்திகள் பத்திரிகைகளில் தொடர்ந்து வந்தன.

கிங்ஸ் பார்க் 1996-ல் மூடப்பட்டது. மிச்சமிருந்த நோயாளிகளைப் பக்கத்திலுள்ள பில்கிரிம் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அதுவும் லாங் ஐலண்டில் உள்ளதுதான். ஒரு காலத்தில் 13,000-க்கு மேல் நோயாளிகளை வைத்திருந்தது. மூடியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊருக்கு ஊர் வைப்பதாகச் சொன்ன மையங்களில் பாதிகூட வரவில்லை. வெளியே வந்தவர்களில் எத்தனையோ பேர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். இதை நினைக்காமல் இந்தப் பாதையில் என்னால் நடக்க முடிவதில்லை.

அப்படியென்றால் ஒரே நாளில் எல்லோரும் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்களா?

இல்லை. மேசையில் தட்டும் கோப்பையும் அப்படியே கிடக்கின்றன என்று வரும் கதைகளை நம்பாதீர்கள். மேலே சொன்னபடி, கார் வந்த காலத்திலிருந்தே ஊழியர்கள் வெளியே குடிபோகத் தொடங்கிவிட்டார்கள். நோயாளி எண்ணிக்கை குறையக் குறைய வேலைகளும் குறைந்தன. ஒரு விடுதி காலியாகும், அதை அலுவலகமாக மாற்றுவார்கள், பிறகு அதையும் பூட்டுவார்கள். இப்படிப் பல வருடமாக ஒவ்வொன்றாக அணைந்த விளக்குகள் இவை. வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் எந்த ஊர் குவார்ட்டர்ஸுக்கும் உள்ள சட்டம். அப்பா ஓய்வு பெற்ற மாதம் நாங்கள் வீட்டை வெள்ளையடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம். முற்றத்து முருங்கையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

முப்பது வருஷத்தில் ஒரு வீடு இவ்வளவு கெடுமா? நம் ஊரில் நூறு வருஷத்து ஓட்டு வீடு நிற்கிறதே.

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் ஊரில் வீடு கட்டிய அனுபவமுள்ள அப்பாக்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இப்படிப்பட்ட வளாகங்களில் தனித்தனியாக வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. ஒரே மின் நிலையத்தில் கொதிகலன் எரியும். நீராவி தரைக்கடியில் குழாய் வழியாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் போகும். நிலையத்தை நிறுத்தினால் எல்லா வீடும் ஒன்றாகக் குளிர்ந்துவிடும். ஜனவரியில் இங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும். குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து இரும்பைப் பிளக்கும். சூடேறாத சுவரில் ஈரம் தங்கி, பெயின்ட் செதில் செதிலாக உரியும். உள்ளே எடுத்த படங்களில் பாம்புச் சட்டை மாதிரி தொங்குவது அந்தப் பெயின்ட்தான்.

அடுத்தது கூரை. மழைநீர் வடியும் தகரத் தாழ்வாரத்தில் இலை அடைத்தால் போதும், தண்ணீர் கூரைக்குள் திரும்பும். குடியிருப்பவர் இருந்தால் ஏணி போட்டு அள்ளிவிடுவார், பத்து நிமிட வேலை. ஆள் இல்லாதபோது அந்த ஒரு கசிவு மரச்சட்டத்தை ஊறவைக்கும், தளம் தொய்யும், ஒருநாள் மேல்மாடி கீழ்மாடியில் வந்து விழும். செங்கல்லுக்குள் போன ஈரமும் குளிர்காலத்தில் உறைந்து, இளகி, மறுபடி உறைந்து செங்கல்லின் முகத்தை உடைக்கும். நம் ஊரில் வெயில் அடித்தால் சுவர் உலர்ந்துவிடும். இங்கே பாதுகாப்புக்கென்று ஜன்னலில் பலகை அடித்தார்கள். காற்று போக வழியில்லாமல் பூஞ்சை பிடித்தது. செம்புக் குழாய்களைத் திருட வந்தவர்கள் சுவரைப் பெயர்த்தது தனி. நூறு வருஷத்து ஓட்டு வீடு நிற்பதற்கு ஓடு மட்டும் காரணமில்லை. வருடாவருடம் ஓடு மாற்றி அடுக்க ஒருவர் மேலே ஏறினாரே, அவரும் காரணம்.

பேய் இருக்கிறதாமே? யூடியூபில் பார்த்தோம்.

நானும் பார்த்தேன். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு, காற்றில் கதவு ஆடியதற்குக் கத்துகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கோபம்தான் வரும். இங்கே இருந்தவர்கள் நோயாளிகள். சிலருக்கு இன்றைக்கு ஒரு மாத்திரையில் சரியாகும் நோய் இருந்தது. சிலர் வயதானவர்கள், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள். அவர்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொண்டவர்கள் இந்தச் சின்ன வீடுகளில் தூங்கினார்கள். நோயாளிகளை அடித்த, அவமதித்த ஊழியர்களும் இருந்தார்கள். இரண்டும் மனிதர்கள் செய்தவை. பேய்க்கதை சொன்னால் இரண்டுமே மறந்துபோகும்.

நம்மிடமும் இந்தக் குறை இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாக மாற்றிவைத்திருக்கிறோம். அந்த மருத்துவமனையின் கதை 1794-ல் தொடங்குகிறது. எத்தனை குடும்பங்களுக்கு அது கடைசிக் கதவாக இருந்திருக்கும்! குழந்தைகள் முன்னால் அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூடப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வீட்டில் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வரலாமா?

கூடாது. கதவு திறந்திருந்தாலும் பலகை பெயர்ந்திருந்தாலும், இந்தக் கட்டடங்களுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். நியூயார்க் சட்டத்தில் கட்டடத்துக்குள்ளோ வேலியடைத்த இடத்துக்குள்ளோ அத்துமீறி நுழைவதைக் குற்ற வழக்காகவே பதியலாம். பூங்காக் காவலர்கள் ரோந்து வருகிறார்கள், பிடிக்கவும் செய்கிறார்கள்.

காலேஜ் பிள்ளைகளுக்கும் ஹெச்-1பி-யில் இருப்பவர்களுக்கும் குறிப்பாகச் சொல்கிறேன். அடுத்த முறை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று படிவத்தில் கேட்பார்கள். வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். ஒரு செல்ஃபிக்காக அந்த வரியைச் சம்பாதிக்காதீர்கள்.

சட்டத்தை விடுங்கள், உள்ளே தரையே நம்பத்தக்கதில்லை. மேலே சொன்ன ஊறிய மரத்தளம், மேலே பார்க்க நன்றாக இருக்கும், கால் வைத்தால் இறங்கும். நீராவிக் குழாய்களைச் சுற்றி வெப்பம் போகாமலிருக்க ஆஸ்பெஸ்டாஸ் சுற்றினார்கள். நம் ஊர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைபோல இறுகியதல்ல இது. பஞ்சுபோல உதிரும், தூசி நுரையீரலில் தங்கும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978-ல். இந்தச் சுவர்களோ அதற்கு மிகவும் முந்தியவை.

வெளியில் நின்று படம் எடுக்கலாமா?

தாராளமாக. பாதையில் நின்று எடுங்கள்.

சின்னக் குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டி வரலாமா?

வரலாம். பழைய ரயில் கிளைப்பாதையை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தார்போட்டு வைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டி சுலபமாகப் போகும். ஆற்றோரமாக லாங் ஐலண்ட் கிரீன்பெல்ட் நடைபாதையும் போகிறது. அது மண்பாதை, மேடுபள்ளம் உண்டு.

பேய்க்குப் பயப்பட வேண்டாம், உண்ணிக்குப் பயப்படுங்கள். வீடுகளைச் சுற்றிப் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும் இடங்களில் மான் உண்ணி உண்டு. லைம் நோயைப் பரப்புவது அது. எள் அளவுதான் இருக்கும். முழுக்கால் சட்டை போட்டு, அதைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் குழந்தைகளின் காது மடல், அக்குள், முழங்காலின் பின்பக்கம் பாருங்கள். ஒட்டிய 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றுவது அரிது. சுவர்களில் படரும் மூன்றிலைக் கொடியையும் தொட வேண்டாம். பாய்சன் ஐவி என்பது அதுதான், தோல் கொப்பளிக்கும்.

டாக்டர் வீடுகளில் நோயாளிகளை வைத்து வேலை வாங்கினார்களாமே, உண்மையா?

அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகள் பலவற்றில் அது நடந்தது. பண்ணை, சலவைக்கூடம், சமையலறை எல்லாமே நோயாளிகளின் உழைப்பில் ஓடின. மூத்த அதிகாரிகளின் வீடுகளில் துடைப்பது, சமைப்பது, தோட்டம் பார்ப்பது என்று நோயாளிகளை அனுப்பும் வழக்கமும் இருந்தது. வேலை மனதுக்கு நல்லது என்பது மருத்துவக் காரணமாகச் சொல்லப்பட்டது. சிலருக்கு அது உண்மையாகவே நல்லதாக இருந்திருக்கலாம். ஆனால் கூலி கிடையாது, நன்றாக வேலை செய்யும் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப நிர்வாகத்துக்கு மனம் வராது. 1973-ல் சூடர் எதிர் பிரென்னன் என்ற வழக்கில், நோயாளிகள் செய்யும் வேலைக்கும் கூலிச் சட்டம் பொருந்தும் என்று மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு இந்த முறை ஆட்டம் கண்டது.

நான் இந்த வீடுகளைப் பற்றி அன்போடு பேசுவதைக் கேட்டு, ஒரு கல்லூரி மாணவி இந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்டது நல்லது. அந்தத் திண்ணையைப் பார்க்கும்போது அங்கே உட்கார்ந்திருந்தவரை மட்டும் நினைக்கக் கூடாது. அதைப் பெருக்கியவரையும் நினைக்க வேண்டும்.

நம் ஊர் டாக்டர்கள் யாராவது இந்த மாதிரி இடங்களில் இருந்தார்களா?

இருந்தார்கள். 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு இந்தியா, பிலிப்பைன்ஸ், கொரியா ஆகிய நாடுகளிலிருந்து டாக்டர்கள் நிறைய வந்தார்கள். நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் அவர்களுக்கு இடம் கிடைப்பது கடினம். உள்ளூர் டாக்டர்கள் போகத் தயங்கிய அரசு மனநல மருத்துவமனைகள் அவர்களை எடுத்துக்கொண்டன. 1970களில் அந்த மருத்துவமனைகள் பெரிதும் வெளிநாட்டில் படித்த டாக்டர்களை நம்பியே ஓடின.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு பெரியவர் அப்படி வேறொரு மாநிலத்தின் அரசு மனநல மருத்துவமனைக்கு வந்தவர். விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே குவார்ட்டர்ஸ் சாவி கையில் கிடைத்ததாம். வாடகை முன்பணம் இல்லை, கார் வேண்டாம், மனைவிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம். அந்த வீட்டில்தான் மூத்த மகள் பிறந்தாள். அது இப்போது இடிந்துபோயிற்று என்று நான் படம் காட்டியபோது அவர் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று தேடினார்.

அந்த வீடுகளில் யார் யார் குடியிருந்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள்தான் சிறந்த வழி. அமெரிக்காவில் 72 வருடம் கழித்து அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். 1950-ம் வருடத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மருத்துவமனை வளாகத்தில் தங்கியிருந்த ஊழியர்களையும் நோயாளிகளையும் கணக்கெடுத்திருப்பார்கள். பெயர், வயது, பிறந்த நாடு, செய்யும் வேலை எல்லாம் இருக்கும்.

பழைய தாள்களில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். உதவியாளர், உதவியாளர், செவிலியர், சமையற்காரர் என்று வரிசையாகப் போகும். பிறகு நோயாளி, நோயாளி என்று பக்கம் பக்கமாக. ஒரே கையெழுத்து.

நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் வேறு விஷயம். அவர்கள் இறந்த பிறகும் நியூயார்க் சட்டம் அவற்றை ரகசியமாகவே காக்கிறது. கட்டடத்துக்குள் காகிதம் கிடைத்தது என்று யாராவது படம் போட்டால் அதைப் பகிராதீர்கள்.

இவ்வளவு வீடுகளைச் சும்மா வைத்திருக்கிறார்களே. சரிசெய்து வீடில்லாதவர்களுக்குக் கொடுத்தால் என்ன?

இதற்கு நேரான பதில் சொல்வது கடினம். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு கனக்கும், ஏனென்றால் மருத்துவமனை மூடிய கதையோடு இது நேராக முட்டுகிறது.

மூடியபின் மாநில அரசு இந்த நிலத்தை வீட்டுமனை நிறுவனங்களுக்கு விற்கப் பார்த்தது. நெரிசலும் போக்குவரத்தும் பெருகும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 2000 வாக்கில் 153 ஏக்கர் பூங்காவாயிற்று; மீதி 368 ஏக்கரும் சில வருடம் கழித்து அதோடு சேர்ந்தது. பூங்கா நிலமாக அறிவித்துவிட்டால் நியூயார்க்கில் சட்டமன்றம் சட்டம் இயற்றாமல் அதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. காட்டையும் ஆற்றையும் காப்பாற்றிய அதே பூட்டு, இந்த வீடுகளில் யாரும் குடியேற முடியாமலும் செய்துவிட்டது.

பணக் கணக்கும் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸை எடுக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள், முழு உடல் கவசம், தனிக் குப்பைக் கிடங்கு எல்லாம் வேண்டும். இடிப்பதற்கே அந்தச் செலவு உண்டு. குடியேற்ற வேண்டுமானால் நீராவி இல்லாத வீட்டுக்குப் புதிதாகச் சூடு, தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் எல்லாம் இழுக்க வேண்டும். 2012, 2013 வருடங்களில் மாநிலம் பணம் ஒதுக்கிப் பல கட்டடங்களை இடித்தது. மின் நிலையமும் அதில் போயிற்று. என் கருத்தைக் கேட்டால், 1996-லேயே, கூரை நன்றாக இருந்தபோதே, பத்துப் பதினைந்து வீடுகளையாவது வெளியே அனுப்பிய நோயாளிகளுக்கென்று வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு அது முடிந்திருக்கும்.

வேறு எங்காவது காப்பாற்றியிருக்கிறார்களா?

மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டியில். 1989-ல் மூடிய மனநல மருத்துவமனை அது. அதன் பெரிய கட்டடத்தைப் பகுதி பகுதியாகச் சரிசெய்து வீடுகள், கடைகள், உணவகங்கள் ஆக்கியிருக்கிறார்கள். ஒரே மூச்சில் செய்யாமல் ஒரு பகுதியின் வருமானத்தை வைத்து அடுத்ததைத் தொட்டார்கள் என்பதுதான் நான் கவனித்தது. மாசசூசெட்ஸின் டேன்வர்ஸில் நேர்மாறு: 2006-ல் பெரும்பகுதியை இடித்து, முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு அடுக்குமாடி கட்டினார்கள்.

எல்லோரும் பதின்மூன்று மாடிக் கட்டடத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நீங்கள் ஏன் சின்ன வீடுகளையே பேசுகிறீர்கள்?

93-ம் எண் கட்டடம் 1939-ல் கட்டியது. எல்லாப் படத்திலும் வரும். அதற்கு ஒன்று நேர்ந்தால் செய்தி வரும், கூட்டம் கூடும். மூன்று அறை வீடு ஒன்று இடிந்தால் ஒரு வரிகூட வராது. பார்க்க அது பக்கத்துத் தெருவில் உள்ள எந்த வீட்டையும்போல இருக்கிறது, அதனாலேயே யாரும் அதைக் காக்கத் தோன்றாமல் முதலில் அது போகும். ஆனால் இங்கே நூற்றுப் பதினொரு வருடம் ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவர் வேலை முடிந்து களைத்து வந்து பூட்ஸைக் கழற்றியது அந்த வீட்டில்தான். பார்த்துக்கொண்டவர்களின் கதை தெரியாமல், பார்த்துக்கொள்ளப்பட்டவர்களின் கதை பாதிதான் தெரியும்.

உங்களில் யாருடைய பெற்றோராவது இப்படி ஒரு குவார்ட்டர்ஸில் இருந்திருந்தால், அவர்களிடம் கேட்டு வீட்டு வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து வாங்கிவையுங்கள். எந்த அறையில் யார் படுத்தார்கள், அடுப்பு எங்கே, ஜன்னலில் என்ன தெரிந்தது. அது போதும்.

அடுத்த தடவை வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

ஏப்ரல் நடுவில் வாருங்கள். மரங்கள் இன்னும் இலை விட்டிருக்காது, வீடுகள் இருந்த மேடுகள் தெளிவாகத் தெரியும். எங்கும் போகாத மூன்று சிமென்ட் படிகளைப் பார்த்தால் அங்கே ஒரு பின்கதவு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்குப் பக்கத்தில் மஞ்சள் டாஃபடில் பூக்கள் நேர்க்கோட்டில் நிற்கும். காட்டுப் பூ நேர்க்கோட்டில் வளராது. அந்த வீட்டில் இருந்தவர் யாரோ சுவரோரமாக நட்ட கிழங்குகள் அவை. சுவர் போய்விட்டது, கோடு இருக்கிறது.